கோமுகி மணலும் ஸ்படிக லிங்கமும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையின் கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. மழையும் வெயிலும் பட்டு அதன் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது; இரும்புள்ள கனிமங்கள் துருவேறிச் செம்மண்ணாகின்றன. எளிதில் மாறாமல் எஞ்சுவது குவார்ட்ஸ், நம் ஊரார் வெங்கச்சங்கல் என்பார்களே, அதுதான். கோமுகி ஆற்று மணலில் பெரும்பகுதி அதுவே.

தில்லையில் நாள்தோறும் அபிஷேகம் கொண்டருளும் ஸ்படிக லிங்கமும் அதே பொருள்தான்! சிலிக்கா கரைந்த வெந்நீர் பாறைப் பிளவுகளில் மெல்ல மெல்லப் படிந்து, ஆறு பட்டையுள்ள தெளிந்த படிகமாக வளர்கிறது. அணுவளவு இரும்பு கலந்து, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிறம் பெறும். அந்த ஊதாக் கல்லைச் சூடேற்றினால் மஞ்சளாகிவிடும். விற்பனைக்கு வரும் மஞ்சள் ஸ்படிகங்களுள் பல இவ்வாறு வந்தவையே.

கோயில் வாசலில் ஸ்படிக மாலை என்று விற்பவற்றுள் கண்ணாடியும் உண்டு. பூதக்கண்ணாடியில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் வாங்க வேண்டா. இல்லத்தில் ஸ்படிக லிங்கம் வைத்துப் பூஜிக்கும் அன்பர்கள் சுடுநீரால் அபிஷேகம் செய்வதைத் தவிர்க்கவும். சட்டென்று சூடு ஏறினால் விரிசல் விடும்.