சீரியல் வீட்டில் வேலைக்குப் போவது யார்?

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுவது என் தொழில். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: எங்கள் கதைகளில் எல்லோரும் பேசுகிறார்கள், யாரும் வேலை செய்வதில்லை. நாயகன் 'பிசினஸ்' பார்க்கிறான். என்ன பிசினஸ் என்பது ஐந்நூறு எபிசோடு ஓடினாலும் தெரியவராது. ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் இருந்தால் மாதக்கணக்கில் படம்பிடித்துவிடலாம், ஆலைக்கும் பட்டறைக்கும் யூனிட்டைக் கூட்டிப்போனால் செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். செலவு உண்மைதான். ஆனால், அண்மையில் படித்த சில நாவல்கள் அந்தச் சமாதானத்தை என்னிடமிருந்து பறித்துவிட்டன.

முதலில் டி. செல்வராஜின் 'தோல்'. 2012-இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற நாவல். செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர். தோல் ஷாப்புத் தொழிலாளர்களை அருகிலிருந்து அறிந்தவர். கொத்தடிமைபோல் உழலும் ஓசேப்பின் கதை, சுண்ணாம்புக் குழியின் வாடையோடு வருகிறது. ஊறிய தோலில் மயிர் கழித்து, சவ்வு சீவி, சுண்ணாம்பு தின்ற விரல்களோடு சோற்றில் கைவைக்கிறவனின் கோபம் எப்படிப்பட்டது என்பதை எந்த வசனமும் விளக்க வேண்டியதில்லை. பிற்பகுதியில் சங்கமும் கூட்டங்களும் பக்கங்களை நிறைத்து, மனிதர்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. அதுதான் என் ஒரே குறை. அப்படியும் இரண்டு வருடம் ஓட்டக்கூடிய கதை அதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து எழுத்தாளர் அழகிய பெரியவன், பேரணாம்பட்டுக்காரர். 'தகப்பன் கொடி'யில் நிலம் கைவிட்டுப்போன ஒரு தலித் குடும்பத்தைச் சொல்கிறார். அடிப்படையில் கவிஞர் என்பதால் சில இடங்களில் வர்ணனை கதையை முந்திக்கொள்கிறது. ஆனால் வட ஆர்க்காட்டுப் பேச்சு அவர் கையில் கெடாமல் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து 'கிராமத்து பாஷை' என்று நாங்கள் ஒன்றைச் சமைக்கிறோமே, அதை எழுதுகிறவர்கள் இந்த நாவலை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

இமையத்தின் 'செல்லாத பண'த்தைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. பொறியியல் படித்த பெண், ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயங்களோடு ஜிப்மரில் கிடக்கிறாள். எங்கள் கையில் கிடைத்திருந்தால் காதலுக்கு நூறு எபிசோடு, மாமியாருக்கு நூறு எபிசோடு போட்டிருப்போம். இமையம் வாசகரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, பெற்றவர்களைப் பேசவிடுகிறார். நாவலில் பெரும்பகுதி பேச்சுதான்! ஆனாலும் பின்னணி இசை தேவைப்படும் வரி ஒன்றுகூட இல்லை. அவருடைய முதல் நாவலான 'கோவேறு கழுதைக'ளில் துணி வெளுக்கும் ஆரோக்கியமும் இப்படித்தான். அழுக்குத் துணி எடுக்கப் போகும்போதும் களத்துமேட்டில் கூலி நெல்லுக்கு நிற்கும்போதும்தான் அவள் மனம் வெளியே வருகிறது. சோபாவில் அவளை உட்காரவைத்தால் அவளே இல்லை.

வசனம் எழுத வருகிற இளைஞர்களை வேலூர் லாங் பஜாருக்குப் போகச் சொல்கிறேன். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர், முதுகில் பாரம் ஏறும் நேரத்திலேயே மகள் கல்யாணக் கடனைப் பற்றிப் பேசுவார். மூச்சு வாங்கும் இடத்தில் பேச்சு அறுபடும். நாலு எட்டு வைத்ததும் மறுபடி தொடங்கும். தராசில் எடைக்கல் வைக்கிறவர் கணக்கை விடாமலே பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை போடுவார். யாரும் முகத்துக்கு முகம் பார்த்து நின்று பேசுவதில்லை. நல்ல வசனம் அங்கே தானாக வருகிறது.

இதெல்லாம் தொலைக்காட்சிக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு 'தமஸ்' ஒன்றே பதில். பீஷ்ம சாஹ்னியின் அந்த நாவலை 1988-இல் கோவிந்த் நிஹலானி தூர்தர்ஷனுக்காக எடுத்தார். அதில் ஓம் புரி ஏற்ற நத்து, தோல் உரிக்கும் தொழிலாளி. பிரிவினைக் கலவரத்தை நாடு அவன் கண் வழியாகப் பார்த்தது. தமிழிலும் எழுத்தாளர்கள் வெளியே நிற்கவில்லை. சிறுகதைக்காரரான பாஸ்கர் சக்திதான் 'மெட்டி ஒலி'க்கு வசனம் எழுதினார். அந்தப் பேச்சை இன்றும் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எழுதப்படாத கதைகள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சல்மா 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் திறந்து காட்டியதுபோல், இந்தப் பகுதியின் தோல் வணிகக் குடும்பங்களின் உள்வீட்டையும் ஒருவர் எழுத வேண்டும் என்று ஏங்குகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் அப்பர் தைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஊர் திரும்பி, உலை வைத்துக்கொண்டே எங்கள் தொடரைப் பார்க்கிறாள் ஒரு பெண். அவள் கை செய்யும் வேலையை நாங்கள் ஒரு நாளும் திரையில் காட்டியதில்லை. சேனல் நிர்வாகிகளை வேண்டிக் கேட்கிறேன்: இந்த நாவல்களில் ஒன்றின் உரிமையை முறையாக வாங்குங்கள். ஐம்பதே எபிசோடு, முடிவு தெரிந்த கதையாகக் கொடுங்கள். எழுத நாங்கள் தயாராக இருக்கிறோம்.

- கட்டுரையாளர், தொலைக்காட்சித் தொடர் வசனகர்த்தா, வேலூர்.