விடுமுறை நாளில் விழித்திருப்பவர் யார்?

"கடவு எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கி இதழ்கள் வாடிக்கையாளருக்கு ஓயாமல் அறிவுறுத்துகின்றன. நல்ல அறிவுரைதான். ஆயினும், நான் வசிக்கும் போபோடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், புனே கணேஷ்கிந்த் சாலையில் தலைமையகம் கொண்ட காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 2018இல் இழந்த பணம், எந்த வாடிக்கையாளரும் ஏமாந்து எண்ணைச் சொன்னதால் போனதன்று.

அவ்வாண்டு ஆகஸ்ட் 11, இரண்டாம் சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. அன்று 28 நாடுகளில் போலி அட்டைகளைக் கொண்டு ஏறத்தாழ 12,000 முறை ஏடிஎம்களிலிருந்து ரூ.78 கோடி எடுக்கப்பட்டது. இந்தியாவுக்குள் மேலும் இரண்டரைக் கோடி. திங்களன்று ஸ்விஃப்ட் வழியே ஹாங்காங்குக்கு ரூ.13.92 கோடி சென்றது.

ஏடிஎம்மில் நாம் அட்டையைச் செருகினால், "இவர் கணக்கில் பணம் உண்டா?" என்ற கேள்வி வங்கியின் ஸ்விட்ச் கணினிக்கு வரும், அது மையக் கணக்கேட்டைப் பார்த்து விடை சொல்லும். புனேயில் தாக்கியவர்கள் தீநிரலைப் புகுத்தி, போலி ஸ்விட்ச் ஒன்றை இடையில் நிறுத்தினர். கேள்வி கணக்கேட்டைச் சென்றடையவே இல்லை. வந்த கேள்விக்கெல்லாம் அந்தப் போலியே "உண்டு" என்றது. அதனால் வாடிக்கையாளர் கணக்குகளில் ஒரு ரூபாயும் குறையவில்லை. இழப்பு முழுவதும் வங்கியின் தலையில் விழுந்தது. 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

வங்கியொன்றின் கணினிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்து இது: வாடிக்கையாளரை எச்சரிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் வலையமைப்பை நிர்வகிப்போர் மீது வங்கிகள் காட்ட வேண்டும். மின்னஞ்சல் திறக்கும் கணினியும் பணம் அனுப்பும் கணினியும் ஒரே வலையில் இருத்தல் தகாது. நிர்வாகிக்குரிய முழு அதிகாரம், வேலை முடிந்ததும் திரும்பப் பெறப்பட வேண்டும். இவற்றைச் சொன்னால் "செலவு" என்பார்கள். சொல்லிப் பார்த்தவன் நான்.

அதே 2018இல், பிப்ரவரியில், கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியிலும் ஸ்விஃப்ட் வழியே மூன்று மோசடி அனுப்பீடுகள் நிகழ்ந்தன. கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கையில் அவை பிடிபட்டன. துபாய்க்குப் புறப்பட்ட 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. புதிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நம் பழைய கணக்கர்கள் நாள்தோறும் செய்துவந்த வேலைதான். அதை விடுமுறை நாளிலும் செய்ய ஆள் வேண்டும். அவருக்கு ஊதியமும் வேண்டும்.

ஞாயிறு இரவு பராமரிப்புக்காகச் சேவை நிறுத்தப்படும் என்ற குறுஞ்செய்தி வந்தால் எனக்கும் எரிச்சல் வருவதுண்டு. ஆயினும், கணினிகளின் ஓட்டைகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அடைக்கப்படுகின்றன.