மழை ரோட்டில் பறக்கும் கார்கள்: ஆபத்து யாருக்கு?

சென்னையில் இருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகிறது. தோல் பதனிடும் ஊர்களும் ஷூ தைக்கும் ஊர்களும் இந்த ரோட்டை ஒட்டியே இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் ஏராளமான பெண்கள் கம்பெனிக்குப் போவதும் வருவதும் இந்த ரோட்டோரமாகத்தான்.

இதே ரோட்டில், கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும் வேகக் கார்களும் ஓடுகின்றன. போர்ஷே, பெராரி, லம்போர்கினி என்று பெயர். விலை கோடிக் கணக்கில். நின்ற இடத்தில் இருந்து 100 கிலோ மீட்டர் வேகத்தை எட்ட இவற்றுக்கு மூன்று, நான்கு வினாடிகள் போதும்.

"இத்தனை விலை உள்ள கார், மழையிலும் பத்திரமாகத்தானே போகும்?" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஈர ரோட்டில், சாதாரணக் காரைவிட வேகக் காருக்கே ஆபத்து அதிகம். ஏன்?

காருக்கும் செருப்பு உண்டு

எஞ்சின் எவ்வளவு பலமாக இருந்தாலும், தரையைத் தொடுவது டயர் மட்டுமே. நான்கு டயரும் சேர்ந்து தரையில் பதியும் இடம், ஏறக்குறைய நான்கு உள்ளங்கை அகலம்தான். கார் ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் அந்தப் பிடிப்பை நம்பியே.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஷூவின் அடியில் வரி வரியாகப் பள்ளம் வைப்பது எதற்கு? அடிப்பாகம் வழவழப்பாக இருந்தால் ஈரத்தில் வழுக்கும். பள்ளம் இருந்தால் தண்ணீர் அதில் ஒதுங்கும். ரப்பர் தரையைப் பிடிக்கும். டயரில் உள்ள பள்ளமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பல வேகக் கார்களின் டயர்கள், காய்ந்த ரோட்டில் பறப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அகலம் அதிகம், பள்ளம் குறைவு. அகலமான டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம். அதோடு, இந்தக் கார்கள் பலவற்றில் எஞ்சின் பலம் பின் சக்கரங்களுக்குப் போகிறது. ஈரத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தாலும் பின் சக்கரம் வழுக்கும். காரின் பின்பக்கம் சுழன்று விடும்.

தண்ணீர் மேல் மிதக்கும் கார்

ரோட்டில் தண்ணீர் தேங்கி இருக்கிறது. கார் வேகமாக வருகிறது. தண்ணீரை ஒதுக்க டயருக்கு நேரம் இல்லை. அப்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, காரைத் தூக்கி விடுகிறது. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

எந்த வேகத்தில் இப்படி நடக்கும்? அமெரிக்காவின் நாசா நிலையத்தார், விமானச் சக்கரங்களுக்காக 1960களில் இதை ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார்கள். டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், தேங்கிய தண்ணீரில் சுமார் 90 கிலோ மீட்டர் வேகத்தில் மிதக்கலாம். காற்று 25 பவுண்டாகக் குறைந்தால், 83 கிலோ மீட்டரிலேயே மிதக்கலாம். டயர் தேய்ந்திருந்தால் இன்னும் முன்னதாகவே ஆபத்து வரும்.

பிரேக் பிடித்தால்?

ஈர ரோட்டில் டயரின் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது. 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார், 50 மீட்டர் தாண்டித்தான் நிற்கும். 120 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் காரோ, 170 மீட்டர் தாண்டித்தான் நிற்கும்! வேகம் இரண்டு மடங்கு. நிற்கும் தூரம் மூன்று மடங்குக்கும் மேல். கொட்டும் மழையில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது.

"ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறதே?" என்று கேட்கலாம். சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் அது காக்கும். காரைத் திருப்ப உதவும். ஆனால் இல்லாத பிடிப்பை அதனால் கொண்டுவர முடியாது.

வீரர்களே ஒதுங்குகிறார்கள்

உலகிலேயே தேர்ந்த ஓட்டுநர்கள் பார்முலா 1 பந்தய வீரர்கள். 2014 அக்டோபரில் ஜப்பானில் மழையில் நடந்த பந்தயத்தில், பிரெஞ்சு வீரர் ஜூல்ஸ் பியான்கியின் கார் வழுக்கி, மீட்பு வண்டியில் மோதியது. 2015 ஜூலையில் அவர் இறந்தார். 2021-ல் பெல்ஜியத்தில் மழை விடவில்லை. பல மணி நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்துவிட்டு, பந்தயத்தையே முடித்துக் கொண்டார்கள்.

நம் தமிழ்நாட்டு வீரர் நாராயண் கார்த்திகேயன், பார்முலா 1-ல் இறங்கிய முதல் இந்தியர். 2012-ல் மலேசியாவில் மழையில் பந்தயம் தொடங்கியது. அவருடைய கார் வேகம் குறைந்தது. பின் வரிசையில் நின்றது. ஆனால் கனமழைக்கான டயரோடு புறப்பட்டார். மழை வலுத்துப் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அவர் பத்தாவது இடத்தில் இருந்தார்! மழையில் கைகொடுப்பது டயர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பலி ஆவது யார்?

பந்தயத் திடலில் ஆட்கள் குறுக்கே வரமாட்டார்கள். நம் ரோடு அப்படியா? தோல் ஏற்றிய லாரி வரும். சைக்கிள் வரும். ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் குடை பிடித்துக் குறுக்கே நடப்பார்கள்.

2023 செப்டம்பரில் நாட்றம்பள்ளி அருகே இதே நெடுஞ்சாலையில், சுற்றுலா போய்த் திரும்பிய வேன் பழுதாகி நின்றது. இறங்கி ரோட்டில் உட்கார்ந்திருந்த ஆம்பூர் வட்டாரப் பெண்கள் ஏழு பேர், பின்னால் வந்த லாரி மோதியதால் உயிர் இழந்தார்கள். அங்கே மோதியது வேகக் கார் அல்ல. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு வண்டி நேரத்தில் நிற்காவிட்டால் யார் சாகிறார்கள் என்பதை அது காட்டியது.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் அதிவேகம்தான் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. 2018-ல் மத்திய அரசு வேக வரம்பை உயர்த்தியது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ததும் இந்தக் கவலையால்தான்.

என்ன செய்யலாம்?

கார் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே டயரைப் பார்க்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் ஓட்டத் தகுதி அற்றது. காற்றைச் சரியாக வைக்க வேண்டும். முதல் மழையில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழம்பாகும். கார் மிதப்பது போலத் தெரிந்தால் பிரேக்கைத் திடீர் என்று மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரில் இருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

நடந்து போகிறவர்கள், மழையில் தூரத்தில் விளக்குத் தெரிந்தால் அது கடந்து போகும் வரை காத்திருங்கள். வண்டி பழுதானால் ரோட்டில் உட்காராமல், ஓரத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள்.

கோடி ரூபாய்க் காரையும், நானூறு ரூபாய்ச் செருப்பையும் மழை ஒரே மாதிரிதான் வழுக்கிவிடும். செருப்பு வழுக்கினால் விழுகிறவர் ஒருவர். கார் வழுக்கினால், ரோட்டோரம் நிற்கும் ஒரு குடும்பமே விழும்.