தலைப்பிள்ளையும் மலேரியாவும்

ஆபிரிக்காவில் மலேரியாவோடு வளர்ந்த பெண்கள், பருவம் எய்தும்போது அந்நோயைப் பெரிதும் தாங்கும் வல்லமை பெற்றுவிடுகின்றனர். ஆயினும் முதன்முறை கருவுறுங்கால் அவ்வல்லமை அவர்களைக் கைவிடுகிறது. தாய்க்குக் குருதிச் சோகை உண்டாகிறது. குழந்தையும் எடை குறைந்து பிறக்கிறது. அடுத்த பிள்ளைகளுக்கு இத்தீங்கு குறைகிறது. தலைப்பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்த வஞ்சனை என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது.

விடை, கலங்களின் மேற்பரப்பில் இருந்தது. அங்கே 'புரோட்டியோகிளைக்கன்' என்னும் பொருள்கள் நிற்கின்றன. பெயர் வாயில் நுழைய மறுத்தாலும் உருவம் நமக்குப் புதிதன்று. தென்னோலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள மட்டை புரதம். இருமருங்கும் நீளும் ஓலைகள் வெல்லச் சங்கிலிகள். அச்சங்கிலிகளுள் ஒன்று கொண்ட்ரோயிட்டின் சல்பேற்று. மூட்டுக் குருத்தெலும்பிலும் அது உண்டு. 'நஞ்சு' எனப் பெண்கள் கூறும் சூல்வித்தகத்திலும் உண்டு.

பல்சிப்பாரம் என்னும் கொடிய மலேரியாக் கிருமி, செங்குருதிக் கலத்துட் புகுந்து, தன் புரதமொன்றை அதன் மேலே கொக்கிபோல நாட்டுகிறது. மண்ணீரலுக்குப் போனால் அழிவு. ஆகையால் வழியில் எங்கேனும் பற்றிக்கொள்வதே அதன் தந்திரம். 1996இல் மிக்கால் பிரீட், பற்றிக் டஃபி ஆகியோர் கென்யத் தாய்மாரின் சூல்வித்தகங்களை ஆராய்ந்து, அங்கு திரளும் கிருமிகள் மேற்கூறிய சங்கிலியையே பற்றுகின்றன எனக் காட்டினர். கருவுறாத பெண்ணிடம் சூல்வித்தகம் இல்லை. எனவே அக்கொக்கியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் அவளிடம் இல்லை. முதற் கருக்காலத்தில் நோய் பட்ட பின்னரே அவை தோன்றுகின்றன.

"ஆபிரிக்கக் கதை நமக்கெதற்கு?" என்று வகுப்பிலே மாணவி ஒருத்தி எம்மைக் கேட்டாள். நல்ல கேள்விதான். இலங்கையில் 2012இன் பின் உள்ளூரிற் தோன்றிய மலேரியா இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் வழங்கியது. ஆனால் நோயை அறியாத நம் பெண்களுக்கு அதனை எதிர்க்கும் ஆற்றலும் இல்லை. தலைப்பிள்ளை, இளையபிள்ளை என்ற பேதம் இங்கே செல்லாது. மேலும், 2016 இறுதியில் மன்னாரிற் கண்டறியப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு, பின்னர் யாழ்ப்பாண நகரிலும் காணப்பட்டது. நம் வளவுக் கிணறும் தண்ணீர்த் தொட்டியுமே அதற்கு உவப்பான இடங்கள். நுளம்பு தனியே நோய் தராது. கிருமியைச் சுமந்துவரும் ஒருவர் வேண்டும். வெளிநாடு சென்று மீள்வோர் சிலரிடம் அது இன்றும் காணப்படுகிறது.

கிணற்றை வலையால் மூடுங்கள். அல்லது நுளம்புக் குடம்பிகளை உண்ணும் சிறு மீன்களை அதில் விடுங்கள். மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்லவிருக்கும் கருவுற்ற பெண்கள் புறப்படுமுன்னரே மருத்துவரைக் காணவேண்டும். திரும்பியபின் காய்ச்சல் கண்டால், டெங்கு என்றெண்ணி இருந்துவிடாது, பயண விபரத்தைக் கூறி, மலேரியாவுக்கும் குருதியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.