டாப் டான்ஸும் நம்ம தப்பாட்டமும்

வன்னியம்பட்டி விலக்கு டீக்கடையில போய் 'டாப் டான்ஸ்'னு சொல்லிப் பாருங்க, "தப்பாட்டமா?"ன்னுதான் திருப்பிக் கேப்பாங்க. சிரிக்காதீங்க. அதுல பாதி சரின்னே நான் சொல்வேன்.

டாப் டான்ஸ் அமெரிக்கச் சமாச்சாரம். பூட்ஸுக்கு அடியில உலோகத் தகடு அடிச்சு, காலாலேயே தாளம் போடுற ஆட்டம். 1739ல தெற்கு கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக்கிட்டே கிளர்ச்சி பண்ணினாங்க. மறு வருஷமே, அவங்க முரசு, கொம்பு எதையும் வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. முரசைப் புடுங்கினா தாளம் போயிருமா? கைத்தட்டலுக்கும் காலுக்கும் இறங்கிருச்சு. அதோட அயர்லாந்துக்காரங்க காலாட்டமும் கலந்து பிறந்ததுதான் டாப். பில் ராபின்சன் (1878–1949) படிக்கட்டுல ஏறி இறங்கி ஆடியே பேர் வாங்கின கறுப்பினக் கலைஞர். அவர் பிறந்த மே 25ஐ 1989ல டாப் டான்ஸ் தினமா அறிவிச்சாங்க. ஆனா அவர் செத்தப்போ கையில காசில்லை. அது வேற சோகம்.

நம்ம கதை இதுக்குத் தலைகீழ். இங்க யாரும் பறையைப் புடுங்கல. தோள்ல மாட்டிவிட்டு, "சாவுக்கு வந்து அடி, அது உன் கடமை"ன்னு ஒரு சாதி தலையில கட்டிட்டாங்க. அவங்க முரசு வேணும்னு ஏங்கினாங்க, நம்ம ஆளுங்க இந்த முரசு வேண்டாம்னு போராடினாங்க. 'சாவு மேளம் அடிக்க மாட்டோம்'னு பல ஊர்ல மறுத்ததுக்கு அடியும் உதையும் வாங்கினவங்க இருக்காங்க.

எங்க பக்கத்துல ஒரு பெரியவர், நல்ல அடிகாரர். மகனுக்கு ஒரு அடி கூடச் சொல்லிக் குடுக்கல. தெரியும்னு தெரிஞ்சா கூப்பிட்டுருவாங்களேன்னு பயம். தப்புன்னு யார் சொல்ல முடியும்? ஆனா அவரோட போயிரப் போறது சாதாரண வித்தை இல்லைங்க. தோலைத் தீயில காட்டிக் காய்ச்சி, சுருதி ஏத்தணும். ஒரு கையில அடிக்குச்சி, இன்னொரு கையில சுண்டுக்குச்சி. அடிக்கிறவனே ஆடணும்... அடி மாறினா அடவும் மாறணும், பத்துப் பேர் காலும் ஒண்ணா விழணும். இதையெல்லாம் கட்டமைச்சு, சொல்லிக் குடுத்து, முன்னால நின்னு ஆடுறவருக்குப் பேர் என்ன? சினிமால டான்ஸ் மாஸ்டர். இங்க 'மேளக்காரன்'!

பிரபுதேவாவுக்கு 2019ல பத்மஸ்ரீ. அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல அதே பத்மஸ்ரீ. ரெண்டு பேரும் ஆட்டக்காரங்க, ரெண்டு பேரும் ஆட்டம் சொல்லிக் குடுக்குறவங்க. திண்டுக்கல்ல சக்தி கலைக்குழுப் பொண்ணுங்களும் பறை அடிச்சு ஆடுறாங்க. மேடையில கை தட்டுறோம், சரி. ஊருக்குள்ள வந்தா?

இது இழிவுச் சின்னம், தூக்கிப் போடுங்கன்னு சிலர் சொல்றாங்க. கலைங்க, காப்பாத்துங்கன்னு சிலர். காப்பாத்துங்கன்னு சொல்ற உரிமை அடிக்காதவனுக்கு, அதாவது என்னை மாதிரி ஆளுக்கு, இல்லைன்னு நினைக்கிறேன். எந்த வீட்டுக்கு வரணும், எவ்வளவு கூலின்னு அடிக்கிறவர் சொல்லட்டும். 'சாவுக்கு வர மாட்டேன், கல்யாணத்துக்கு வர்றேன்'னு சொன்னாலும் சரின்னு கேட்டுக்கணும். டிஜேக்காரன் கேட்டதை அப்படியே எண்ணிக் குடுக்குறோம்ல? நாள் முழுக்க ஆடினவங்ககிட்ட மட்டும் ஏன் ஐம்பது ரூபாய்க்குப் பேரம்? பந்தியில உக்கார வெச்சு சோறு போடுறதை எல்லாம் நான் சொல்லித்தானா தெரியணும்!

இன்னொரு சின்ன விஷயம். கோயில் பொங்கல் நோட்டீஸ்ல நாதஸ்வர வித்வான் பேர் ஊரோட இருக்கும். மைக்செட் பேர் இருக்கும். பந்தல்காரர் பேரும் இருக்கும். தப்பாட்டம்னா வெறும் 'மேளதாளத்துடன்'. அடுத்த தடவை ஆசான் பேரையும் ஆடுறவங்க பேரையும் போடணும்னு கமிட்டியில சொல்லியிருக்கேன். இடமில்லைங்கிறாங்க. மைக்செட் விளம்பரத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா இடம் தானா வரும். ப்ரூஃப் வரட்டும், பாக்கலாம்.