72 மடங்கு கவனம்!

இந்த வாரம் ஒரு குட்டிக் கணக்கோட ஆரம்பிக்கலாமா? பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் ரேஞ்சுக்கு எல்லாம் போகாது. வெறும் வகுத்தல்தான்!

ஸ்பிட்ஃபயர்னு ஒரு பிரிட்டிஷ் போர் விமானம். 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. 1940-ல் பிரிட்டன் வானத்தில் நடந்த சண்டையில் பேர் வாங்கியது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11.23 மீட்டர். இதை 72-ஆல் வகுங்க. 156 மில்லிமீட்டர் வருதா? உங்க பென்சில் பாக்ஸ்ல இருக்கிற 30 சென்டிமீட்டர் ஸ்கேல்ல பாதி! அவ்வளவு பெரிய விமானம் உங்க உள்ளங்கையில வந்து உட்கார்ந்தாச்சு. இதுதான் ஸ்கேல் மாடலிங்.

பொம்மைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்கிறீங்களா? பொம்மை 'விமானம் மாதிரி' இருந்தா போதும். மாடல், அந்த விமானமாவே இருக்கணும். எல்லா அளவும் ஒரே விகிதத்துல குறையணும்!

72-ம் 35-ம் எங்கேருந்து வந்துச்சு?

1/72-க்குக் காரணம் ரொம்ப சிம்பிள். ஆறடி மனுஷன் சரியா ஒரு அங்குலம் ஆயிடுவான். அடி, அங்குலத்துல யோசிச்ச பிரிட்டிஷ்காரங்களுக்கு வசதியான கணக்கு. 1930-கள்லயே மர மாடல்கள் இந்த அளவுல வந்தாச்சு. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1950-கள்ல தன்னோட முதல் பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தது.

டாங்கிகளுக்கு 1/35. இதோட கதை செம காமெடி. ஜப்பான்ல ஷிசுவோகா நகரத்து தாமியா கம்பெனி 1961-ல் பேந்தர் டாங்கி கிட் ஒண்ணு போட்டாங்க. மோட்டார் வெச்சு ஓடுற டாங்கி. உள்ளே ரெண்டு பேட்டரி அடங்கணும். அதுக்கேத்த மாதிரி உடம்பை டிசைன் பண்ணி முடிச்சு, அப்புறம் விகிதம் என்னன்னு பார்த்தா... கிட்டத்தட்ட 1/35! பேட்டரி முடிவு பண்ண அளவு, உலகம் பூரா டாங்கி மாடல்களுக்கு ஸ்டாண்டர்டு ஆயிடுச்சு.

ஷாப்பிங் லிஸ்ட்... சின்னதுதான்!

முதல் கிட்டுக்கே ஏர்பிரஷ், கம்ப்ரஸர்னு கிளம்பிடாதீங்க. பாக்கெட் மணி காலி, ஆர்வமும் காலி. ஒற்றை எஞ்சின், 1/72, விலை குறைஞ்ச விமானம் ஒண்ணு எடுங்க. கூடவே...

* நிப்பர்: எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல கம்பி நறுக்குவீங்களே, அதே. ஒரு பக்கம் தட்டையா வெட்டுறதா இருக்கணும்.

* கூர்மையான கத்தி: கைப்பிடியோட 11-ம் நம்பர் பிளேடு. மொக்கையான பிளேடுதான் கையைக் கிழிக்கும். ஏன்னா, அதை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

* உப்புத்தாள்: 400, 800, 1500 நம்பர்கள். தண்ணி தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரா ஹார்டுவேர் கடையில கேளுங்க.

* ட்வீசர், மாஸ்கிங் டேப், துணி கிளிப், பல்குத்தும் குச்சி. கடைசி ரெண்டும் வீட்லயே இருக்கு!

* பிளாஸ்டிக் சிமென்ட்: பிரஷ் மூடியோட வர்ற திரவ வகை.

* ரெண்டு பிரஷ், நாலைஞ்சு அக்ரிலிக் பெயின்ட்.

அஞ்சு மார்க் கேள்வி... கையில!

பாக்ஸைப் பிரிச்சா, ஒரு சட்டத்துல பாகங்கள் எல்லாம் காய் மாதிரி தொங்கும். மெக்கானிக்கல் மக்களே, இதைப் பார்த்தா ஏதாவது ஞாபகம் வருதா? இன்ஜெக்ஷன் மோல்டிங்! ஸ்ப்ரூ, ரன்னர், கேட், பார்ட்டிங் லைன்... டயகிராம் போட்டு அஞ்சு மார்க் வாங்கின அத்தனையும் இங்கே நிஜமா இருக்கு. குட்டி வட்டத் தழும்பு தெரியுதா? அச்சுலேருந்து பாகத்தைத் தள்ளிவிட்ட எஜெக்டர் பின் பதிஞ்ச இடம். தடிமனான இடத்துல லேசா குழி விழுந்திருக்கா? அதுதான் சிங்க் மார்க். இந்தக் குறைகளை அடையாளம் கண்டுபிடிச்சு சரிபண்றதுதான் இந்த ஹாபியில பாதி வேலை.

முதல்ல சட்டத்தை அப்படியே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கழுவிக் காய வைங்க. அச்சுல தடவின எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தா பெயின்ட் பிடிக்காது.

அடுத்தது வெட்டுறது. இங்கே ஒரே ரூல்... ரெண்டு வெட்டு! முதல் வெட்டு பாகத்தைவிட்டு கொஞ்சம் தள்ளி. ரெண்டாவது வெட்டு பக்கத்துல. ஒரே வெட்டா ஒட்டி வெட்டினா, பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளையா வெளிறிடும், இல்லேன்னா சின்னதா பிய்ஞ்சு வந்துடும். மிச்சமிருக்கிற மொட்டைக் கத்தியால சீவி, உப்புத்தாளால தேய்க்கணும்.

தேய்க்கும்போதுதான் நம்ம கணக்கு வேலை செய்யும். அரை மில்லிமீட்டர் கூடுதலா தேய்ச்சீங்கன்னா நிஜ விமானத்துல 3.6 சென்டிமீட்டர் காணாமப் போச்சுன்னு அர்த்தம். பெயின்ட்ல ஒரு தலைமுடி ஒட்டிக்கிச்சா? விமானத்து மேல அஞ்சு மில்லிமீட்டர் கயிறு கிடக்குது! நீங்க பண்ற எல்லாமே 72 மடங்கு.

ஒட்டுறது இல்லை பாஸ்... வெல்டிங்!

பிளாஸ்டிக் சிமென்ட் கோந்து கிடையாது. அது பாலிஸ்டைரீனோட மேற்பரப்பைக் கரைக்கும். ரெண்டு பக்கமும் இளகி ஒண்ணோட ஒண்ணு கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டா ஆயிடும். அதாவது, நெருப்பில்லாத வெல்டிங்.

அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி, சிமென்ட் இல்லாம பாகங்களைப் பொருத்திப் பாருங்க. எங்கே இடிக்குது, எங்கே வாய் பிளக்குதுன்னு தெரிஞ்சுடும். அப்புறம் ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிச்சு, இணைப்புக் கோட்டுல பிரஷ் நுனியை வெச்சா போதும். திரவம் தானா இடுக்குக்குள்ள ஓடும். ஸ்கூல்ல படிச்ச கேபிலரி ஆக்ஷன்! ஒரே எச்சரிக்கை: அந்தக் கோட்டு மேல விரல் படக் கூடாது. பட்டா திரவம் விரலுக்கு அடியிலயும் ஓடி, உங்க கைரேகை நிரந்தரமா பதிஞ்சுடும்.

பெயின்ட் அடிச்ச இடத்துல சிமென்ட் பிடிக்காது, சுரண்டிட்டுத்தான் ஒட்டணும். விமானியோட கண்ணாடிக் கூண்டுக்கு சூப்பர் குளூ கண்டிப்பா வேண்டாம். அதோட ஆவி பட்டு கண்ணாடி மூடுபனி மாதிரி மங்கிடும். அதுக்கு வெள்ளைக் கோந்து போதும், காய்ஞ்சா கண்ணுக்கே தெரியாது.

இடைவெளி தெரியுதா? வெட்டிப்போட்ட சட்டத்துண்டுகளைக் கொஞ்சம் சிமென்ட்ல ஊறப் போடுங்க. அடுத்த நாள் பட்டி ரெடி! காசு செலவில்லாம, அதே பிளாஸ்டிக்கால பட்டி பார்க்கலாம். நல்லா இறுகினதும் 400, 800, 1500-னு வரிசையா தேய்ச்சு, சாம்பல் நிற பிரைமர் அடிச்சுப் பாருங்க. மறைஞ்சிருந்த கோடெல்லாம் பிரைமர் காட்டிக்கொடுத்துடும்.

பெயின்ட்... அவசரம் வேண்டாம்!

பெயின்ட் தண்ணி கலந்த பால் பதத்துல இருக்கணும். ஒரே கோட்டுல மூடணும்னு நினைக்காதீங்க. முதல் கோட்டு திட்டுத்திட்டா பார்க்கவே சகிக்காது. விடுங்க, காயட்டும். ரெண்டாவது, மூணாவதுல சமமாயிடும். வெளிர் நிறம் முதல்ல, அடர் நிறம் அப்புறம்.

ரெண்டு நிறம் சந்திக்கிற இடத்துல மாஸ்கிங் டேப். டேப்போட ஓரத்துல தூசி ஒட்டியிருக்கும், அதனால கத்தியால புது விளிம்பு வெட்டிக்கோங்க. ஒட்டினதும் விளிம்பு மேல அடியில இருக்கிற அதே நிறத்தை ஒரு தடவை லேசா பூசுங்க. கசியறதா இருந்தா அந்த நிறமே கசிஞ்சு அடைச்சுக்கும். அதுக்கு மேல புது நிறம் பூசினா கோடு கத்தி மாதிரி வரும்.

அடுத்து, ஒரு வரிசையை மனப்பாடம் பண்ணிடுங்க: பளபளப்பு வார்னிஷ், டெக்கால், திரும்ப பளபளப்பு, வாஷ், கடைசியா மேட். ஏன் இந்த வரிசை? சொரசொரப்பான மேட் பரப்புல டெக்கால் ஒட்டினா அடியில காத்து மாட்டிக்கிட்டு வெள்ளி மாதிரி மினுங்கும். டெக்காலை வெதுவெதுப்பான தண்ணியில அரை நிமிஷம் போட்டு, காகிதத்துலேருந்து நகர்த்துங்க, இழுக்காதீங்க. வாஷ்ங்கிறது, ரொம்ப நீர்த்த ஆயில் பெயின்ட்டைத் தகட்டுக் கோடுகளுக்குள்ள ஓடவிட்டு, மிச்சத்தைக் காத்து அடிக்கிற திசையில துடைக்கிறது. நடுவுல இருக்கிற வார்னிஷ், ஒரு அடுக்கோட தின்னர் அடுத்த அடுக்கைத் தின்னாம காப்பாத்துது.

கடைசி மேஜிக்... ஏரியல் கம்பி! மிச்சமிருக்கிற சட்டத்துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே, சுடர் படாம சுத்திக்கிட்டே காட்டுங்க. இளகினதும் நெருப்பைவிட்டு விலக்கி, ரெண்டு பக்கமும் இழுங்க. முடி மாதிரி இழை வரும்!

இதெல்லாம் எதுக்கு?

'இவ்வளவு மெனக்கெட்டு என்னப்பா பிரயோஜனம்?' இந்தக் கேள்வி ஹாஸ்டல்ல கண்டிப்பா வரும். பதில் சொல்ல 1942-க்குப் போகணும்.

ரெண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்கக் கடற்படை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்கிட்ட 5 லட்சம் மாடல் விமானங்கள் கேட்டது. மரத்துல செதுக்கணும். 1/72 அளவு. முழுக்கக் கறுப்பு பெயின்ட். எதுக்கு? பீரங்கி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க! 35 அடி தள்ளி ஒரு மாடலைத் தொங்கவிட்டா, அரை மைல் தூரத்துல நிஜ விமானம் தெரியுற அதே அளவுல தெரியும். 35-ஐ 72-ஆல பெருக்கிப் பாருங்க, புரியும்.

வானத்துல வர்றது நம்மாளா, எதிரியான்னு வீரர் சில நொடியில முடிவெடுக்கணும். ஸ்பிட்ஃபயர் இறக்கை நீள்வட்டமா வளைஞ்சு போகும். 1940-ல் அதை எதிர்த்து வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109-இ இறக்கை முனை சதுரமா வெட்டின மாதிரி முடியும். இறக்கை முனையைத் தப்பா தேய்ச்ச மாடலைப் பார்த்து ஒருத்தர் பழகியிருந்தா? சுட்டு விழுறது சொந்த விமானமா இருக்கலாம். அதனாலதான் அந்த மாணவர்களுக்கு வரைபடமும் அச்சு அட்டையும் கொடுத்து, அளவு பிசகாம செதுக்கச் சொன்னாங்க. உப்புத்தாள் பிடிச்சவங்க எல்லாரும் நம்மைவிடச் சின்னப் பசங்க!

இன்னிக்கு நம்ம மாடலை நம்பி யாரோட உயிரும் இல்லை. ஆனா நாளைக்கு நாம போடுற டிராயிங்கை நம்பி இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல 0.5-னு டைப் பண்றது ஈஸி. அந்த 0.5 எவ்வளவுன்னு விரல் நுனிக்குத் தெரியணும்னா, ஒரு தடவையாவது தேய்ச்சுப் பார்க்கணும்!

இதை மட்டும் மறக்காதீங்க

* கத்தி எப்பவும் உடம்பைவிட்டு வெளிப்பக்கமா போகணும். கீழே விழுற கத்தியைப் பிடிக்கப் போகாதீங்க, காலை நகர்த்துங்க.

* சிமென்ட், தின்னர் ரெண்டும் ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான். ரூம் மேட் தூங்கும்போது கதவைச் சாத்திட்டு ஆரம்பிக்காதீங்க.

* மெழுகுவர்த்தி ஏத்தும்போது சிமென்ட் பாட்டில் அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. சட்டென்று பத்திக்கும்.

* பிளாஸ்டிக் தூசி மூக்குல போகாம இருக்க, தண்ணி தொட்டே தேய்ங்க.

இந்த வார ஹோம்வொர்க்: கிட்டைத் தொடுறதுக்கு முன்னாடி, அதோட சட்டத்துலேருந்து ரெண்டு துண்டு வெட்டுங்க. ஒட்டுங்க. ஒரு நாள் விடுங்க. தேய்ங்க. பெயின்ட் அடிங்க. இணைப்புக் கோடு தெரியலையா? நீங்க ரெடி. தெரியுதா? இன்னும் ரெண்டு துண்டு வெட்டுங்க... சட்டம் நிறைய இருக்கு!

அடுத்த வாரம்: பிரஷ்லேருந்து ஏர்பிரஷுக்கு எப்போ மாறலாம்?