பழைய ஃபிலிம் எங்கே?

கடையின் கொள்முதல் ரசீதுகளை வருடக்கணக்கில் கட்டிப் பத்திரப்படுத்துகிறீர்கள். போன மாதம் உங்கள் குழந்தைக்கு எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமைக் கேட்டால் உடனே எடுத்துத் தர முடியுமா?

நம்மில் பலரால் முடியாது. அதனால்தான் அடுத்த மருத்துவமனையில் 'முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்து வாருங்கள்' என்றதும் வாய் திறக்காமல் பணம் கட்டுகிறோம். ஃபிலிமைக் கையோடு கொண்டு போனவர்களுக்கும் சில இடங்களில் இதே கதிதான். 'அது வேறு லேப், சரிப்படாது' என்று தள்ளிவிடுகிறார்கள். இது நோய்க்காகவா, கமிஷனுக்காகவா? நோயாளியை அனுப்பிக் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. தடை ஏட்டில் இருக்கிறது!

பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். குழந்தையின் உடல் வளரும் உடல். அதன் செல்கள் வேகமாகப் பிரிபவை. கதிர்வீச்சு அவற்றை எளிதில் பாதிக்கும். அந்தப் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்துக்கூட வெளிப்படலாம்.

பீதியைக் கிளப்புவது நமது நோக்கமல்ல. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில நாட்களில் நாம் இயல்பாகவே பெறும் அளவுதான். கை முறிந்த பிள்ளைக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்பது அறிவீனம். ஆனால் சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். பிரிட்டனில் சிறு வயதில் சி.டி. எடுத்தவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு 2012இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 10,000 தலை ஸ்கேன்கள் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் கூடுதலாக வரலாம் என்பது அதன் மதிப்பீடு. உயிர் காக்கும் ஸ்கேனுக்காக அந்தச் சிறிய ஆபத்தை ஏற்கலாம். தொலைந்துபோன ஃபிலிமுக்காக ஏன் ஏற்க வேண்டும்?

பிள்ளை அசைந்து படம் கலங்கினாலும் இரண்டாவது முறை எடுக்க நேரிடும். முன்பே பேசிச் சமாதானப்படுத்துங்கள். பிடித்துக்கொள்ள ஆள் தேவையென்றால், ஈய அங்கி கேட்டு வாங்கி அணியுங்கள். கர்ப்பிணித் தாய் அந்த அறைக்குள் நிற்கவே கூடாது.

இளைஞர்களே! ஊரில் யார் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாலும் ஆட்டோவை அழைத்து வருபவர்கள் நீங்கள். அப்படியே பழைய ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் தேடி எடுத்துக் கொடுங்கள். 'ஏற்கெனவே எடுத்தது போதாதா டாக்டர்? அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாதா?' என்று பணிவாகக் கேளுங்கள். அல்ட்ராசவுண்டில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.